"அவங்களுக்கு எப்பவும் வேலை இருக்கும்"

அந்தப் பதிவை எல்லாரும் பார்த்திருப்பீங்க. யாருதுன்னு சொல்லப்போறதில்ல, வேண்டிய அளவு லைக் ஏற்கெனவே வாங்கிட்டார். மந்தநிலை வந்தா அடி முழுக்கப் பெரிய சம்பளக்காரங்களுக்குத்தானாம். கூட்டிப் பெருக்குறவங்களுக்கு எப்பவும் வேலை இருக்குமாம்.

சார், பொருளாதாரம் படுத்தா முதல்ல போறது அடிமட்டச் சம்பளக்காரங்க வேலைதான். 2020 ஏப்ரல்ல அமெரிக்காவுல வேலையில்லாதவங்க 14.7 சதவீதம். பிரிச்சுப் பாருங்க: பள்ளிப்படிப்பை முடிக்காதவங்கள்ல 21.2, பட்டதாரிகள்ல 8.4. இதுல நீங்க எந்தப் பக்கம்?

காரணம் ஒண்ணும் ரகசியமில்ல. ஒரு இன்ஜினியரைத் தேடிப்பிடிச்சுப் பழக்க நிறுவனம் மாசக்கணக்குல செலவு பண்ணியிருக்கும். அனுப்பிட்டா, நிலைமை சரியானதும் மறுபடி அதே செலவு. அதனால பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நாள் வச்சிருப்பாங்க. ஏஜென்சி மூலமா வந்த ஆளுக்கு அந்தக் கணக்கே கிடையாது. ஒரு போன் போதும்.

அந்த போனை நான் காதால கேட்டிருக்கேன். முன்னாடி இருந்த ஆபீஸ்ல ஆர்டர் குறைஞ்சப்போ, எங்க சம்பளத்துல கைவைக்கலாமான்னு வாரக்கணக்குல மீட்டிங் நடந்துச்சு. ஹவுஸ்கீப்பிங்குக்கு மீட்டிங்கே இல்ல. "நாளையிலேர்ந்து பாதிப் பேர் போதும்", அவ்வளவுதான். மறுநாள் காலையில அந்த அக்கா வழக்கம்போல வந்து கார்டைக் காட்டுறாங்க, கதவு திறக்கல. அழுக்குன்னு நினைச்சு முந்தானையில துடைச்சுத் துடைச்சுக் காட்டுறாங்க. கடைசிச் சம்பளத்துல யூனிஃபார்முக்குப் பிடிச்சது தனிக் கதை.

"2023ல கூகுள் 12,000 பேரை அனுப்பலையா?"ன்னு வருவீங்க. அனுப்பறோம்னு சொன்னாங்க, வலிதான். ஆனா அமெரிக்க ஊழியர்களுக்குக் குறைஞ்சது 16 வாரச் சம்பளம்னும் சேர்த்துச் சொன்னாங்க. அந்த அக்காவுக்கு 16 மணி நேரம் முன்னாடியாவது யாராவது சொன்னாங்களா?

"எங்களுக்கு இஎம்ஐ இருக்கே." இருக்கு. அந்த அக்காவோட வட்டிக்காரன் ஆப்ல நோட்டிபிகேஷன் அனுப்ப மாட்டான், வாசல்ல வந்து நிப்பான்.

ஐம்பதைத் தொட்ட மேனேஜருக்கு அடுத்த வேலை லேசுல கிடைக்காது, ஒத்துக்கறேன். "கூட்டிப் பெருக்குறவங்க திறமையை வளர்த்துக்கணும்"னு சொல்றவங்களுக்குப் பதில் சொல்லத்தான் பொறுமை இல்ல. கொரோனாவுல லேப்டாப்போட வீட்டுக்குள்ள பத்திரமா இருந்துக்கிட்டு தூய்மைப் பணியாளர்களுக்குக் கைதட்டினது நாமதானே? அப்போ அவங்க தெய்வம். திறமை பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்கல. முறைசாரா வேலையில இருக்கிற 160 கோடி பேரோட பிழைப்பே ஆபத்துல இருக்குன்னு அதே 2020 ஏப்ரல்ல ஐ.நா.வோட தொழிலாளர் அமைப்பான ஐஎல்ஓ சொன்னப்போ, இப்போ ஹார்ட்டின் விடுற எத்தனை பேர் எட்டிப் பார்த்தீங்க?

அவ்வளவு நிச்சயமான வேலைன்னா நீங்களே மாறிக்கலாமே சார்? ரெஸ்யூமே எல்லாம் வேண்டாம். ஏஜென்சி நம்பர் இன்பாக்ஸ்ல தரேன்.