படகு எடுக்கப் போகிறவனுக்கு

சித்தியின் மகன் கட்டாரில் ஆறு வருடம் உழைத்துவிட்டுப் போன மாதம் ஊருக்கு வந்தான். கையில் கொஞ்சம் காசு இருக்கிறது. "அண்ணா, ஒரு பைபர் போட் எடுப்பமெண்டு இருக்கிறன். உங்களிட்ட ஒண்டு நிக்குதுதானே, என்ன செலவு வரும்?" என்று கேட்டான். ஐந்து நிமிடத்தில் முடியும் என்றுதான் தொடங்கினேன். பிளேன்டீ ஆறியது, அவன் முகத்தில் இருந்த வெளிச்சமும் குறைந்தது, கணக்கு மட்டும் முடியவில்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

நான் கடற்றொழில் செய்கிறவன் இல்லை, கந்தோர்க்காரன். 2021இல் திருகோணமலை உப்புவெளியில் 18 அடிப் பழைய படகு ஒன்றை, 15 குதிரைவலு மண்ணெண்ணெய் எஞ்சினோடு சேர்த்து வாங்கினேன். பெயின்ட் பளபளவென்று இருந்தது. விற்கப் போகிற படகுக்கு ஏன் ஒருவன் புதுப் பெயின்ட் அடிக்கிறான் என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

எஞ்சினைப் பூட்டுகிற பின்பலகை வெளியே பார்த்தால் பைபர். உள்ளே இருப்பது ஒட்டுப்பலகை. பூட்டும் ஆணித் துளைகளால் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி அந்தப் பலகையை ஊறவைத்துவிடும். மேலே ஒரு கீறலும் தெரியாது. சுத்தியல் பிடியால் தட்டிப் பார்த்தால் நல்ல பலகை கணீரென்று பதில் சொல்லும், ஊறினது சத்தத்தை விழுங்கிவிடும். நான் தட்டவில்லை. மூன்றாம் மாதம் முழு வேகத்தில் போகும்போது எஞ்சின் பின்னால் ஆடத் தொடங்கியது. அறுத்து எடுத்தபோது உள்ளே இருந்தது பலகை இல்லை, ஈரத் தேயிலைத் தூள். திருப்பிக் கட்டிய செலவு படகு விலையில் பாதி. மனைவிக்கு நான் சொன்ன தொகை அதிலும் பாதி.

அடுத்தது எஞ்சினுக்குள் இருக்கும் ஒரு சின்ன றப்பர் சில்லு. கடல் தண்ணீரை இழுத்து எஞ்சினைக் குளிர்விப்பது அதுதான். நம்முடைய கரையில் இறங்குதுறையா இருக்கிறது? அலைக்குள் தள்ளி, இடுப்பளவுத் தண்ணீரிலேயே ஸ்டார்ட் பண்ண வேண்டும். தண்ணீரோடு மணலும் ஏறி அந்தச் சில்லைத் தின்றுவிடும். அது போனது தெரியாமல் ஓடினால் சூடேறி எஞ்சினே இறுகிப்போகும். அதனால்தான் கரையில் பழகினவர்கள் ஸ்டார்ட் பண்ணியதும் முதலில் பக்கவாட்டில் தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள். கரைக்கு வந்த பிறகும் வேலை உண்டு. எஞ்சினைக் கழற்றி, பீப்பாயில் நல்ல தண்ணீர் நிரப்பி, அதற்குள் ஓடவிட்டு உப்பைக் கழுவ வேண்டும். களைப்பாக இருக்கிறது, நாளைக்குச் செய்வோம் என்று விட்ட ஒவ்வொரு நாளுக்கும் பிறகு ஒரு பில் வரும்.

எண்ணெய்க் கதையை அவனுக்கு நான் சொல்லத் தேவையில்லை, கட்டாரிலிருந்தே பார்த்திருப்பான். 2022 ஆவணியில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியது. எனக்கு அது பொழுதுபோக்கு நின்ற கதை. கடற்றொழில் செய்கிற பக்கத்து வாடிக்காரருக்கு அடுப்பு நின்ற கதை. இந்த இரண்டையும் ஒரே கணக்கில் போடக் கூடாது.

மாரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாடைக்காற்று பிடித்தால் மாசி வரைக்கும் படகு கரையில்தான். ஓடாத படகுக்குச் செலவில்லை என்று நினைத்தேன். ஒருமுறை கவிழ்த்து வைக்காமல் விட்டதில் மழைத் தண்ணீர் நிரம்பி, டெங்கு பார்க்க வந்தவர்கள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். என் படகுக்குள் நான் வளர்த்த ஒரே உயிரினம் நுளம்புக் குடம்பிதான்.

ஆனால் இதெல்லாம் காசு. காசில் சேராத ஒன்று இருக்கிறது. கரையில் படகைத் தனியாக ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. ஆறேழு பேர் தோள் கொடுக்க வேண்டும். அவர்கள் கூலி கேட்பதில்லை. ஆனால் அவர்களுடைய படகு வரும்போது நீ அங்கே நிற்க வேண்டும். கந்தோருக்கு நேரமாகிவிட்டது, காற்சட்டை நனையும் என்றெல்லாம் சொல்ல முடியாது. இரண்டு முறை கண்டும் காணாத மாதிரிப் போனால், மூன்றாம் முறை உன் படகு அலையில் அடிபடும்போது எல்லாருக்கும் அவசர வேலை வந்துவிடும். எனக்கு அந்த மூன்றாம் முறை வந்தது. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, பிழை என்னுடையதுதான். படகு எனக்குச் சொந்தம், என் காலை நேரம் கரைக்குச் சொந்தம் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

நம்முடைய ஊர்ப் பெயரில் ஒரு கப்பல் இருக்கிறது, தெரியுமா? எச்.எம்.எஸ். டிரிங்கோமலி. 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டிய போர்க்கப்பல். இன்றைக்கும் இங்கிலாந்தில் ஹாட்ல்பூலில் மிதக்கிறது. 1990இல் அதைத் திருத்தத் தொடங்கி முடிக்கப் பத்து வருடத்துக்கு மேல் எடுத்தார்களாம். வாசித்தபோது எனக்கு ஒரு கள்ளச் சந்தோசம். பெயர் ராசி போல.

பிறகு ஏன் விற்கவில்லை என்று அவன் கேட்டான். வைகாசியில் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போயிருந்தால் கேட்டிருக்க மாட்டான். விடியலுக்கு முன்னம் கடல் எண்ணெய் ஊற்றின மாதிரிக் கிடக்கும். கோணேசர் மலைக்கு நேரே போய் எஞ்சினை நிறுத்தினால், பாறை அடியில் தண்ணீர் ஏறி இறங்கும் சத்தம் மட்டும் கேட்கும். கோயிலுக்குப் படியேறிப் போகிறவர்கள் மேலே நின்று கடலைப் பார்ப்பார்கள். கடலிலிருந்து அந்த மலையை அண்ணாந்து பார்ப்பது வேறு. நம்முடைய கடல் கரைக்குக் கிட்டவே கிடுகிடுவென்று ஆழமாகிவிடும், அதனால்தான் திமிங்கிலங்கள் இவ்வளவு பக்கத்தில் வருகின்றன. ஒருமுறை தூரத்தில் ஒன்று மூச்சு விட்டது. சத்தம் பிந்தித்தான் வந்தது. என்னோடு வந்த மகள் அரை மணி நேரம் பேசவில்லை. வீட்டில் அவளைப் பேசாமல் இருக்க வைக்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆகவே தம்பி, எடுக்கிறதென்றால் எடு. எடுக்கும் முன் ஒரு மாதம் விடிய ஐந்து மணிக்குக் கரைக்கு வந்து மற்றவர்களின் படகுக்குத் தோள் கொடு. போகிற இடத்துக்கெல்லாம் ஒரு சுத்தியல் கொண்டு போ.

இந்த ஞாயிறு என் படகை இறக்கப் போகிறேன். நாலு பேர் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் மூன்று பேர் வேண்டும். பிளேன்டீயும் வாய்ப்பனும் என் செலவு.