பல்பை மாத்தறதுக்கு முன்னாடி அந்தப் பதினாலாவது விநாடியைப் பாருங்க

அந்த வீடியோவைப் பத்தி வாயே திறக்கக் கூடாதுன்னு மூணு நாளா இருந்தேன். முடியல. எல்லாரும் பார்த்திருப்பீங்க, நம்ம லோடு வண்டி குரூப்லயே நாலு பேர் போட்டாங்க. பெரியபாளையம் ரோடு, ராத்திரி, பிக்கப்புக்குப் புதுசா எல்.இ.டி. ஹெட்லைட், "பகல் மாதிரி இருக்கு பாருங்க"ன்னு தம்பி குரல்.

பதினாலாவது விநாடியில எதிர்ல ஒரு பைக் வருது. பின்னாடி ஒரு அம்மா, மடியில மூட்டை. ஓட்டறவர் ஒரு கையைத் தூக்கிக் கண்ணுக்கு முன்னாடி வெச்சுக்கறார். வண்டி தாரை விட்டு மண்ணுல இறங்குது. அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு வீடியோவுல தெரியாது, ஏன்னா பிக்கப் தாண்டிப் போயிடுது. கீழ கமெண்ட்ல "செம", "எங்கண்ணா வாங்குனீங்க", "கண்ணை மூடிட்டான் பாரு"ன்னு சிரிப்பு.

நான் நாலு வரி எழுதினேன். திட்டல. "தம்பி, பைக்காரரைப் பாரு, டிம்லயே இப்படி அடிக்குது, மாத்திடு"ன்னேன். வந்த பதில்: "அண்ணனுக்கு வயசாயிடுச்சு, கண்ணு கூசுது." அதுக்கு அறுபது பேர் சிரிச்சிருக்காங்க. என் வண்டியில கிளீனரா ஏறி, என் பக்கத்துல உக்காந்து கியர் போடக் கத்துக்கிட்ட பிள்ளை அது.

சரி. விஷயத்துக்கு வர்றேன். நல்ல வெளிச்சம் வேணும்ங்கறதுல எனக்கு யார்கூடவும் சண்டை கிடையாது. ராத்திரி ரெண்டு மணிக்குக் கோயம்பேடு லோடு ஓட்டறவனுக்கு வெளிச்சத்தோட அருமையை யாரும் சொல்லித்தர வேண்டாம். நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு: எதிர்ல வர்றவன் கண்ணுல விழற வெளிச்சம், உன் ரோட்டுல விழாத வெளிச்சம். அதுக்குக் காசு குடுத்து என்ன பிரயோஜனம்?

நம்ம பிக்கப்ல இருக்கறது எச்-4 பல்பு. உள்ள ரெண்டு ஃபிலமென்ட், அதாவது எரியற கம்பி: பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55, அதான் 60/55. டிம் ஃபிலமென்ட்டுக்கு அடியில தகடு மாதிரி சின்னதா ஒரு கிண்ணம் இருக்கும், கழட்டிப் பார்த்தவங்களுக்குத் தெரியும். கீழ்ப் பக்கம் போற வெளிச்சத்தை அது மறைச்சிடும். பின்னாடி இருக்கற பளபளப்பான குழிவு, அதான் ரிஃப்ளெக்டர், அதோட மேல் பாதியில பட்டது மட்டும் திரும்பி ரோட்டைப் பார்த்து இறங்கும். அந்த ஃபிலமென்ட் எந்த இடத்துல நிக்கணுமோ அந்த இடத்தை வெச்சுத்தான் ரிஃப்ளெக்டரையே வளைச்சிருக்கான். ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலும் வெளிச்சம் வேற எங்கயாவது போகும். எல்.இ.டி.யில வெளிச்சம் வர்ற இடமே வேற, அதை அந்த ஓட்டைக்குள்ள சொருகினா பக்கத்துல பளிச்சுனு இருக்கும், தூரத்துல ஒண்ணும் தெரியாது, மிச்சமெல்லாம் எதிர்ல வர்றவன் முகத்துல.

"புதுக் கார்லல்லாம் கம்பெனியே எல்.இ.டி. போட்டுத் தர்றானே"ன்னு கேக்கறீங்க. அங்க விளக்கு முழுசையும் எல்.இ.டி.க்காகவே செஞ்சிருக்கான். உங்களுது எச்-4க்குச் செஞ்ச கூடு. ரெண்டும் ஒண்ணாகாது.

அந்த எல்.இ.டி. பல்பு அட்டையில 200 வாட்னு போட்டிருக்காம். ஒரு பல்பு நிஜமா 200 வாட் இழுத்தா வண்டியோட 12 வோல்ட்ல 16 ஆம்பியருக்கு மேல வரும், பழைய ஒயர் அதைத் தாங்காது. பழைய ஒயர்ல அப்படியே சொருகி அது ஓடுதுன்னா, அது 200 வாட்டே இல்ல. வித்தவன் உங்க முகத்துக்கு நேரா பொய் சொல்லியிருக்கான். அவன்மேல வராத கோவம் என்மேல வருது.

நானும் ஒரு தடவை தப்பு பண்ணியிருக்கேன், அதையும் சொல்லிடறேன். வெளிச்சம் பத்தலன்னு புதுப்பேட்டையில 100/90 பல்பு வாங்கி, ரிலே, அதாவது பேட்டரியிலேருந்து நேரா லைட்டுக்குக் கரென்ட் குடுக்கற சுவிட்ச், அது இல்லாம அப்படியே மாட்டினேன். ஒரு மாசம்கூட இல்ல. கும்மிடிப்பூண்டி தாண்டித் தக்காளி லோடோட வரும்போது பிளாஸ்டிக் கருகற வாடை. ஹோல்டர் உருகி ரெண்டு லைட்டும் போச்சு. ஓரமா நிறுத்தி விடியற வரைக்கும் உக்காந்திருந்தேன். பின்னாடி வர்ற ஒவ்வொரு லாரியும் என்னைப் பார்க்குமா பார்க்காதான்னு உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு.

மறுநாள் புதுப்பேட்டையில ஒரு வயசான எலக்ட்ரீஷியன் பல்பையே பார்க்கல, மீட்டரை எடுத்தார். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில 13.8 வோல்ட். ஹெட்லைட் ஹோல்டர்கிட்ட 11.9. மிச்சம் பழைய ஒயர்லயும் சுவிட்ச்லயும் வண்டி பாடியில மாட்டற துரு புடிச்ச எர்த்து ஒயர்லயும் போயிடுச்சு. ஹாலஜன் பல்புக்கு வோல்டேஜ் பத்துல ஒரு பங்கு குறைஞ்சாலே வெளிச்சம் கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு போயிடும். எனக்கு அதுக்கும் மேல போயிருந்தது. ரெண்டு ரிலே, பீங்கான் ஹோல்டர், கொஞ்சம் தடி ஒயர், எர்த்தைச் சுரண்டி இறுக்கினார். பழைய 60/55 பல்பையே திரும்ப மாட்டினார். அன்னிக்கு ராத்திரி பார்த்த ரோட்டை அந்த வண்டியில அதுக்கு முன்னாடி நான் பார்த்ததே இல்ல.

அதனாலதான் சொல்றேன், முதல்ல மீட்டர் வெச்சுப் பாருங்க. மஞ்சளாப் போன கண்ணாடியைத் தேய்ச்சுப் பாலிஷ் போடுங்க. அப்புறமும் பத்தலன்னா அதே 60/55 வாட்லயே கூடுதல் வெளிச்சம்னு நல்ல கம்பெனிப் பல்பு வருது, அதைப் போடுங்க. ஃபிலமென்ட்டை இன்னும் கச்சிதமா செஞ்சிருப்பான். ஆயுசு கொஞ்சம் கம்மி. நீலச் சாயம் பூசினது வேண்டவே வேண்டாம், சாயமே வெளிச்சத்தைத் தின்னுடும். மாட்டும்போது பல்போட கண்ணாடியில கை படக் கூடாது. முக்கியமா, லோடு ஏத்தினதுக்கு அப்புறம் லைட்டோட உயரத்தைப் பாருங்க. பின்பக்கம் அமுங்கினா மூக்கு தூக்கும், டிம்மே பிரைட் மாதிரி அடிக்கும். காலி வண்டியில செட் பண்ணிட்டு ஒன்றரை டன் ஏத்தறோம், எத்தனை பேர் திரும்பப் பார்க்கறோம்?

"ரோட்டுல லைட் இல்ல, மாடு படுத்திருக்கு, லாரியைச் சிகப்பு விளக்கு இல்லாம நிறுத்தறான்"னு ஒருத்தர் எழுதியிருந்தார். உண்மை. ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. அந்த வயித்தெரிச்சல் எனக்கும் உண்டு. ஆனா மாடு படுத்ததுக்குப் பைக்காரர் ஏன் மண்ணுல இறங்கணும்?

"சட்டம் பேசறியா"ன்னு கேட்டவருக்கு: ஆமா, பேசறேன். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 106-வது விதி. 8 மீட்டர் தூரத்துல, ஒன்றரை மீட்டர் உயரத்துல இருக்கற கண்ணு கூசக் கூடாது, வெளிச்சம் கீழ்நோக்கி இறங்கணும். நான் கண்டுபிடிச்சது கிடையாது.

"எதிர்ல வர்றவன் டிம் பண்றானா, நான் மட்டும் ஏன் பண்ணணும்?" இதுதான் என்னைத் தூங்க விடல. கண்ணு கூசினா சில விநாடிக்கு ஒண்ணும் தெரியாது. 60 கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி ஒரு விநாடியில கிட்டத்தட்ட 17 மீட்டர் போகும். அந்தக் குருடனாப் போன வண்டி வர்றது உன்னைப் பார்த்துத்தான், தம்பி.

எங்கப்பா லாரி ஓட்டினவர், விஜயவாடா லைன். மாட்டு வண்டி வந்தாக்கூட தூரத்துலேயே டிம் பண்ணுவார். சின்ன வயசுல கூடப் போனப்ப, வண்டிக்காரன் தூங்கறானே, யாருக்குப்பா டிம்னு கேட்டேன். "மாட்டுக்கும் கண்ணு இருக்குடா"ன்னார். குட்டி யானை, பிக்கப் ஓட்டறவன்னாலே ஊர்ல ஒரு இளக்காரம் இருக்கு. கார்க்காரங்க நம்மளை எப்படிப் பேசறாங்கன்னு தெரியும். இருபத்தாறு வருஷமா அந்தப் பேச்சைக் கேட்டுக்கிட்டே ஒழுங்கா ஓட்டிட்டிருக்கேன். அவங்க பேசறதுக்கு நாமே வீடியோ எடுத்துக் குடுக்கறோம். அதுதான் வலிக்குது. வயசாயிடுச்சுன்னது வலிக்கல.

இல்ல, அதுவும் வலிச்சுது.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இருட்டினதும் மாதவரம் ஷெட்டுல மீட்டரோட இருப்பேன். சுவர்லேருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, வெளிச்சத்தோட மேல்கோடு விளக்கு உயரத்தைவிட 10 சென்டிமீட்டர் கீழ இருக்கற மாதிரி செட் பண்ணித் தர்றேன். காசு வேண்டாம், லோடோட வாங்க. தம்பி, நீயும் வா. கழட்டின அந்த எச்-4 பல்பைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டேன்னு நெனைக்கிறேன். எடுத்துட்டு வா.