பஞ்சு எத்தனை கிராம்னு கேட்டா ஏன்யா முழிக்கிறீங்க?

இலவம்பஞ்சு மெத்தை வாங்கப் போனா நம்ம ஊர்ல முதல் கேள்வியே "எத்தனை கிலோ பஞ்சு?"ன்னுதான். அரை கிலோ குறைஞ்சாலும் சண்டைக்கு நிப்போம். அதே ஆளுங்க டிசம்பர்ல உத்தராகண்ட்ல இருக்கிற கேதார்காந்தா பனிமலை ஏறக் கிளம்புறப்போ, "மைனஸ் 20" ன்னு கொட்டை எழுத்துல அச்சடிச்ச ஒரு ஸ்லீப்பிங் பேக்கை எடுத்துப் பார்த்து, கலர் பிடிச்சிருக்கான்னு மட்டும் யோசிச்சுட்டுக் காசைக் கொடுத்துட்டு வர்றாங்க. உள்ள என்ன இருக்கு, எவ்வளவு இருக்குன்னு ஒரு கேள்வி கிடையாது. கேட்டாலும் கடைக்காரர்கிட்ட பதில் கிடையாது. "சார், மைனஸ் 20 சார், தாராளமா தாங்கும்." என்னத்தைத் தாங்கும்? யாருக்குத் தாங்கும்?

அந்த நம்பர் எங்கேருந்து வருதுன்னு தெரிஞ்சா ரத்தம் கொதிக்கும். ஒழுங்கான கம்பெனி ஐ.எஸ்.ஓ. 23537 ங்கிற சர்வதேசத் தரமுறைப்படி சோதிக்கும். அதுக்கு முன்னாடி ஈ.என். 13537 ன்னு இருந்தது. சூடேத்தின ஒரு பொம்மைக்கு உள்ளுடை போட்டு, அடியில மேட் விரிச்சு, பைக்குள்ள படுக்க வெச்சு, எவ்வளவு சூடு வெளியேறுதுன்னு அளப்பாங்க. அதுலேருந்து மூணு நம்பர் கிடைக்கும். கம்ஃபர்ட்னா ஒரு சராசரிப் பெண் உடம்பைத் தளர்த்திப் படுத்து நிம்மதியா தூங்குற அளவு. லிமிட்னா ஒரு சராசரி ஆண் சுருண்டு படுத்து, நடுங்காம ராத்திரியை ஓட்டுற அளவு. மூணாவது எக்ஸ்ட்ரீம். ஆறு மணி நேரம் உயிர் போகாம இருக்கும், அவ்வளவுதான். விரல் உறைஞ்சு போறதுக்கெல்லாம் அதுல உத்தரவாதம் இல்லை. கம்ஃபர்ட் 0 இருக்கிற பைக்கு லிமிட் மைனஸ் 5, 6 வரும். எக்ஸ்ட்ரீம் மைனஸ் 20ஐத் தாண்டிப் போகும். இந்தக் கடைசி நம்பரைத்தான் எடுத்துப் பை மேல அச்சடிக்கிறாங்க! சாகாம இருக்கிறதுக்கான நம்பரைத் தூங்குறதுக்கான நம்பர்னு விக்கிறது ஏமாத்து வேலை இல்லாம வேற என்ன? பல பைகள்ல அந்தச் சோதனையும் நடந்திருக்காது, அச்சகத்துக்காரர் கேட்டப்போ வாய்க்கு வந்த நம்பரைச் சொல்லியிருப்பாங்க. ஊட்டியில ஜனவரி உறைபனிக்கு அது சமாளிக்கும். கேதார்காந்தாவுக்கு ஏறத் தொடங்குற சாங்க்ரி கிராமத்துக்கு மேல, ராத்திரி மைனஸ் 10ஐத் தொடுற பனி முகாம்ல சமாளிக்காது.

அதனால கம்ஃபர்ட் நம்பரை மட்டும் பாருங்க. போற இடத்துல எதிர்பார்க்கிற குளிரைவிட அது நாலஞ்சு டிகிரி கீழே இருக்கட்டும். பொண்ணுங்க, ஒல்லியா இருக்கிறவங்க, எப்பவும் கை கால் சில்லுன்னு இருக்கிறவங்க லிமிட் நம்பர் பக்கமே போகாதீங்க.

அடுத்தது பைக்குள்ள அடைக்கிற டவுன். வாத்தோட நெஞ்சுப் பக்கம் இருக்கிற, தண்டே இல்லாத மென்தூவிதான் டவுன். இறகு வேற, தூவி வேற. "டக் ஃபெதர்" ன்னு மட்டும் எழுதியிருந்தா கீழே வெச்சுட்டு நடையைக் கட்டுங்க. 90/10 ன்னா தூவி 90, இறகு 10. பையை விரலால அமுக்கிப் பாருங்க. குச்சி குச்சியா நெருடினா அது தலையணை ரகம்.

"800 ஃபில் பவர் சார்" ன்னு ஒரு அலட்டல் வேற. 800 ன்னா ஒரு அவுன்ஸ் தூவி, அதாவது 28 கிராம், 800 கன அங்குலம் உப்பும். சுமார் 13 லிட்டர். நல்ல சரக்குதான், இல்லேங்கல. ஆனா அது தூவியோட தரம், அளவு இல்லையே! 800 ஃபில் பவர்ல 300 கிராம் போட்ட பையை மைனஸ் 10க்குத் தூக்கிட்டுப் போனா விடிய விடியப் பல் தந்தியடிக்கும். கம்ஃபர்ட் மைனஸ் 10 வேணும்னா 800 தரத்துல ஏறக்குறைய 700, 800 கிராம் தூவி வேணும். 650 தரம்னா அதே உப்பலுக்கு ஒரு கிலோவை நெருங்கும். ரெண்டும் சூடு ஒண்ணுதான். 650 பை கனமா இருக்கும், விலை குறையும். முதுகு தாங்கும்னா தாராளமா அதை வாங்கலாம். ஆனா அந்தக் கிராம் கணக்கைத்தான் பல லேபிள்கள்ல காணோம். தேடித் தேடிப் பார்த்தா பையோட மொத்த எடை போட்டிருக்கும். ஜிப், துணி, கயிறு எல்லாம் சேர்ந்த எடையை வெச்சு யாருக்கு என்ன பிரயோஜனம்?

கடையிலயே ஒரு சோதனை பண்ணலாம். பையை உறையிலேருந்து எடுத்து நாலு உதறு உதறி, தரையில விரிச்சு அரை மணி நேரம் விடுங்க. அப்புறம் நெஞ்சுப் பக்கம் ஸ்கேலை நிறுத்துங்க. மேலயும் கீழயும் சேர்த்து 15 சென்டிமீட்டராவது உப்பணும். 8, 9 லயே நின்னுட்டா அது எந்த மைனஸும் இல்லை. "அதெல்லாம் பிரிக்க முடியாது சார்" ன்னா வாங்காதீங்க, அவ்வளவுதான். அப்படியே உள்ள ஒரு டார்ச்சைப் போட்டு வெளியேருந்து பாருங்க. தையல் கோடு கோடா வெளிச்சம் பளிச்சுன்னு தெரிஞ்சா, மேல் துணியையும் உள் துணியையும் ஒண்ணா வெச்சுத் தைச்சிருக்காங்க. அந்தக் கோட்டுல தூவியே கிடையாது, குளிர் அது வழியா ஜம்முன்னு உள்ள வரும். பனிக்கான பையில ரெண்டு துணிக்கும் நடுவுல வலைத்துணிச் சுவர் வெச்சு அறை அறையா பிரிச்சிருக்கணும். ஜிப் ஓரமா தூவி அடைச்ச ஒரு குழாய், கழுத்தைச் சுத்தி இழுத்துக் கட்டுற ஒரு காலர். இது ரெண்டும் இல்லாத பையை மைனஸ்னு சொல்லி விக்கவே கூடாது. புரண்டு படுக்கிறப்போ எல்லாம் உள்ள சேர்ந்த சூடு கழுத்து வழியா வெளியே போயிட்டே இருக்கும்.

பை சரியா இருந்தும் குளிருதுன்னு புலம்புற கூட்டம் ஒண்ணு இருக்கு. அடியில என்ன விரிச்சீங்க? யோகா மேட். நல்லாருக்கே! உடம்புக்கு அடியில இருக்கிற தூவி நசுங்கிக் காகிதம் மாதிரி ஆயிடும், அதுக்குச் சூடு காக்கிற சக்தியே இல்லை. கீழேருந்து காக்கிறது மேட் மட்டும்தான். மேட் எவ்வளவு குளிரைத் தடுக்கும்னு சொல்ற நம்பர் ஆர்-வேல்யூ, பனி மேல படுக்கிறதுக்கு அது 5 வேணும். காத்தடிக்கிற மேட் 3ன்னா அது கூட 2 இருக்கிற ஃபோம் மேட்டைச் சேர்த்துப் போடுங்க. இந்த எண்ணிக்கை கூட்டல் கணக்குதான். பைக்குள்ள உறை மாதிரிப் போடுற பட்டு லைனர் போட்டா 8 டிகிரி கூடும்ங்கிற கதையெல்லாம் நம்பாதீங்க, ரெண்டு மூணு டிகிரி கிடைச்சா பெருசு. தலையை உள்ள இழுத்துக்கிட்டு மூச்சு விடாதீங்க. அந்த ஈரம் அத்தனையும் தூவியில ஏறி, மூணாம் ராத்திரி உப்பல் பாதியாயிடும். மதியம் வெயில் தலைகாட்டினா உள்பக்கத்தை வெளியே திருப்பிக் கூடாரம் மேல போடுங்க. வாடகைப் பைகள் சீசன் முழுக்க இந்த வெயிலையே பார்க்கிறதில்லை. அமுக்கிப் பார்த்தா உள்ள தூவியோ, பாலியஸ்டரோ, ஏதோ ஒண்ணு உருண்டை உருண்டையா கிடக்கும். அதுக்குப் பேரும் மைனஸ் 10.

நல்ல பையை வாங்கினவங்களும் சும்மா இல்லை. திரும்பி வந்ததும் அதே குட்டி உறையில திணிச்சு, பரண்ல பழைய சூட்கேஸுக்கு அடியில. ஒரு வருஷம் நசுங்கிக் கிடந்த தூவி எப்படிய்யா உப்பும்? பழைய வேட்டியில பெரிய பையா தைச்சு, அதுல தளர்வா போட்டு, காத்தோட்டமான இடத்துல தொங்க விடுங்க. சென்னை மாதிரிக் கடலோரத்துல மாசம் ஒரு தடவை வெளியே எடுத்து ஃபேன் காத்துல போடணும். துவைக்கிறதா இருந்தா சாதா சோப்புத் தூளும் வேண்டாம், துணியை மிருதுவாக்க ஊத்துற கம்ஃபர்ட் திரவமும் வேண்டாம். டவுனுக்குன்னு விக்கிற திரவத்தை ஊத்தி, முன்பக்கக் கதவு மெஷின்ல மெதுவா சுத்த விடுங்க. வெளியே எடுக்கிறப்போ ஒரு முனையைப் பிடிச்சுத் தூக்கினா ஈர எடைக்கு உள்சுவர் கிழியும், ரெண்டு கையிலயும் குழந்தையை ஏந்துற மாதிரி ஏந்துங்க. அப்புறம் டிரையர்ல குறைஞ்ச சூட்டுல, கூடவே ரெண்டு மூணு டென்னிஸ் பந்து. மூணு நாலு மணி நேரம் ஆகும், ஆகட்டும். வெளித்துணி காஞ்சதும் முடிஞ்சதுன்னு எடுத்துடுறாங்க, உள்ள இன்னும் கொழுக்கட்டை கொழுக்கட்டையா ஈரம் இருக்கும். அதை அப்படியே மடிச்சு வெச்சா, அடுத்த டிசம்பர்ல சாங்க்ரியில பிரிக்கிறப்போ கூடாரம் முழுக்க நனைஞ்ச வாத்து வாடை.