லஞ்சுக்கு ரெண்டு தம்பி

அந்த வீடியோவை நான் பகிரப் போவதில்லை. நேற்றிலிருந்து எட்டுப் பேர் போட்டுவிட்டார்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். இன்டர்வியூ பயிற்சி வகுப்பு. அந்தப் பெண் எழுந்து, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" என்கிறாள். பயிற்சி கொடுக்கிற மகானுபாவர் மைக்கில், "எதுக்கும்மா, லஞ்சுக்கா?" என்கிறார். சாப்பிடுவதற்கும் 'ஹேவிங்'தானே, அதுதான் ஜோக். ஹாலே சிரிக்கிறது. அவளும் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்த சிரிப்பு. அதனால்தான் ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று யாராவது ஒரு நிமிடம் யோசித்தீர்களா? தமிழில் 'ஹேவ்' என்று ஒரு வினைச்சொல்லே கிடையாது. "எனக்கு ரெண்டு தம்பிங்க இருக்காங்க." இந்த வாக்கியத்தில் இருப்பது தம்பிகள், நான் ஓரமாக 'எனக்கு' என்று நிற்கிறேன். காய்ச்சலும் அப்படித்தான் இருக்கிறது, சந்தேகமும் அப்படித்தான், கடனும் அப்படித்தான். கிட்டத்தில் வருவது 'வெச்சிருக்கேன்'. வண்டி வெச்சிருக்கேன் என்று தாராளமாகச் சொல்லலாம். ஒரு ஆளைச் சொல்லி 'வெச்சிருக்கேன்' என்று பாருங்கள், தெருவே கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும்.

இன்னொன்று. 'போகிறேன்' என்றால் நமக்குத் தினமும் போவதும் அதுதான், இப்போது போய்க்கொண்டிருப்பதும் அதுதான். தம்பிகள் இப்போது இருக்கிறார்களா? இருக்கிறார்கள். அப்போ 'இங்' போட்டாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

அந்த 'இங்'கை நமக்குப் பழக்கிவிட்டதே பள்ளிக்கூடம்தான். ஆறாம் வகுப்பில் லீவ் லெட்டர் எழுதாதவர்கள் கை தூக்குங்கள். "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்." அக்கா கல்யாணமாக இருந்தாலும் நமக்கு ஃபீவர்தான். பத்து வருஷம் 'சஃபரிங்' எழுதிய கை, 'ஹேவிங் ஃபீவர்' என்று எழுதாமல் வேறு என்ன எழுதும்?

சரி, ஆங்கிலமாவது ஒழுங்காக இருக்கிறதா? 'ஹேவிங் பிரேக்ஃபாஸ்ட்' சரி. 'ஹேவிங் எ பிரதர்' தப்பு. 'ஹேவிங் எ பேபி' சரி, ஆனால் குழந்தை இன்னும் வயிற்றில் இருக்கிறது என்று அர்த்தம். பிறந்துவிட்டால் 'இங்'கை எடுத்துவிட வேண்டும். 'ஹேவிங் டவுட்ஸ்' என்றால் மனசு தடுமாறுகிறது, அது சரி. 'ஹேவிங் எ டவுட்' என்று நாம் கை தூக்கினால் தப்பு. 'இங்' சேர்க்கக் கூடாது என்று இலக்கணப் புத்தகம் போடுகிற பட்டியலில் 'ஹேவ்' பக்கத்திலேயே 'லவ்'வும் இருக்கும். மெக்டொனால்ட்ஸ் 2003இல் 'ஐ ஆம் லவிங் இட்' என்று உலகம் முழுக்கப் போர்டு வைத்தது. அதை விளம்பரத் திறமை என்றோம். அந்தப் பிள்ளை சொன்னால் லஞ்சு ஜோக்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2004இல் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்தேன், பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று ஆர்டரைக் கவனிக்கிற வேலை. தமிழ் மீடியம், தாராபுரம் பக்கம் கிராமம். முதல் வாரம் மீட்டிங்கில் "சார், ஐ ஆம் ஹேவிங் ஒன் டவுட்" என்றேன். மேனேஜர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து, "இவங்க டவுட்டை ஹேவிங்காம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் டவுட்டைக் கேட்கவில்லை. காலர் ரிப், அதாவது கழுத்துப் பட்டி, அளவில் அரை சென்டிமீட்டர் இடித்தது, அதுதான் டவுட். மூவாயிரம் பீஸ் தைத்த பிறகு அது மற்றவர்களுக்கும் தெரிந்தது.

அதே கம்பெனியில் ஜெர்மன் பையர் எழுதுவார்: "வீ ஆர் வெயிட்டிங் சின்ஸ் டூ வீக்ஸ்." 'ஃபார்' வர வேண்டிய இடம். அவர்கள் மொழியில் 'சின்ஸ்'க்கும் இந்த 'ஃபார்'க்கும் ஒரே சொல், அப்படித்தான் வரும். அதைப் படித்து யாரும் சிரிக்கவில்லை. பதறியடித்துக்கொண்டு சாம்பிள் அனுப்பினோம்.

"திருத்தாமல் விட்டால் அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைக்குமா?" என்று இப்போதே ஒருவர் டைப் பண்ணிக்கொண்டிருப்பார். நியாயம்தான். திருத்துங்கள். "ஐ ஹேவ்னு சொல்லும்மா" என்று ரெண்டு நொடியில் முடிகிற வேலை. மைக் எதற்கு? கேமரா எதற்கு? கீழே சிரிக்கிற பொம்மை எதற்கு? "நகைச்சுவை உணர்வே இல்லையா உங்களுக்கு?" என்பவர்களுக்குப் பதில் சொல்வதாக இல்லை. "நீங்கள் ஆங்கில எதிர்ப்பாளரா?" என்று கேட்பவர்களுக்கு: இருபது வருஷமாக ஆங்கிலத்தில் மெயில் போட்டுத்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது.

இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். போன மாதம் என் பையன் பள்ளியில் பேரன்ட்ஸ் மீட்டிங். மேடம் முன்னால் நாற்காலியில் உட்காரும்போது என் கையைப் பிடித்து மெதுவாகச் சொன்னான்: "அம்மா, நீ பேசாத. அப்பா பேசட்டும்." அவனுடைய அப்பா பேசினார். அவர் கேட்டதெல்லாம் ஃபீஸ் பற்றித்தான். பையனுக்குக் கணக்கில் எங்கே இடிக்கிறது என்று எனக்குத்தான் தெரியும். பின்னம் வரும் இடத்தில். நான் வாயைத் திறக்கவில்லை. 'ஹேவிங் ப்ராப்ளம்' என்று சொல்லலாமா கூடாதா என்று மனசுக்குள் பார்த்துக்கொண்டே இருந்தேன், அதற்குள் எங்கள் ஐந்து நிமிடம் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். சொல்லலாமாம்.

கமெண்டில் கிராமர் எடுக்க வருகிறவர்கள் வரலாம். பதில் காலையில்தான். நாளைக்கு ஷிப்மெண்ட், ஐ ஆம் ஹேவிங் வொர்க்.