ரெண்டு மாசம் வீணாப் போச்சாம்!

நேற்றைய அந்தப் பதிவைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். "குடல் டிபி என்று ரெண்டு மாசம் மாத்திரை கொடுத்துவிட்டு இப்போ க்ரோன்ஸ் என்கிறான், இவனெல்லாம் டாக்டரா?" கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள்.

அது தப்பான வைத்தியம் இல்லை. அந்த ரெண்டு மாசமேதான் டெஸ்ட்.

டிபி கிருமியால் வருவது. க்ரோன்ஸ், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே குடலைப் புண்ணாக்கும் நோய். ரெண்டும் பெரும்பாலும் வந்து உட்காருவது ஒரே இடத்தில், சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் முனையில். வலி, காய்ச்சல், எடை இறங்குவது எல்லாம் ஒன்றுதான். புண் குறுக்கே ஓடினால் டிபி, நீளவாக்கில் ஓடினால் க்ரோன்ஸ் என்று ஒரு கணக்கு உண்டு. எல்லாக் குடலும் அதைப் படித்துவிட்டு வருவதில்லை.

"பயாப்ஸி எடுக்கத் தெரியாதா?" குடலிலிருந்து துணுக்குச் சதை எடுத்துச் சோதிப்பார்கள். எனக்கும் எடுத்தார்கள். கிருமி தெரிந்தால் டிபி என்று அடித்துச் சொல்லலாம். ஆனால் குடல் டிபியில் கிருமி குறைவு, பலருக்குச் சிக்குவதே இல்லை. டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் டெஸ்ட் நெகட்டிவ் என்றாலும் டிபி இல்லை என்று ஆகாது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு 6, 8 வாரம்கூட ஆகும்.

"ரெண்டுக்கும் சேர்த்தே கொடுக்கலாமே?" இந்தப் புத்திசாலிக்குத் தனி வணக்கம். க்ரோன்ஸுக்கான ஸ்டீராய்டு எதிர்ப்புச் சக்தியை அமுக்கும். உள்ளே டிபி இருந்தால் உடம்பெல்லாம் பரவ வழி விட்ட மாதிரி. அதனால்தான் சந்தேகம் தீராதபோது முதலில் டிபி மருந்து, ரெண்டு மூணு மாசத்தில் மறுபடி கொலனோஸ்கோபி, அதாவது குழாய்க் கேமரா விட்டுக் குடலைப் பார்ப்பது. புண் ஆறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. வலி குறைவதை மட்டும் நம்பக் கூடாது. எனக்கும் குறைந்தது, ரெண்டு கிலோ ஏறினேன். புண் அப்படியே இருந்தது.

"தாமதத்தில் குடல் சுருங்கிவிட்டால்?" சுருங்கலாம்தான். சரி.

எனக்குக் கோபம் வேறு இடத்தில். இது டெஸ்ட் என்று என்னிடம் ஒருவர்கூடச் சொல்லவில்லை. "டிபி", அவ்வளவுதான். மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும் என்றுகூடச் சொல்லாததால் முதல் நாளே ரத்தம் என்று அலறினேன். நுரையீரல் எக்ஸ்ரே சுத்தம், என்னிடமிருந்து யாருக்கும் தொற்றாது. இருந்தும் வீட்டில் எனக்குத் தனி டம்ளர்.

க்ரோன்ஸ் என்று முடிவானதும் "அப்பாடா, டிபி இல்லை" என்று எல்லோருக்கும் நிம்மதி. டிபி என்றால் பெரும்பாலும் 6 மாசம் மருந்தோடு முடிந்திருக்கும். இது ஆயுளுக்கும் கூட வரும். யாரும் கேட்கவில்லை, டம்ளர் மட்டும் பழைய இடத்துக்கு வந்தது.

நேற்றைய சிரிப்பு முகங்களில் அந்த டம்ளரை ஒதுக்கி வைத்த சித்தியுடையதும் இருந்தது. பார்த்தேன், சித்தி.