"நெய்மீன் இல்லை" என்று சொன்னது ஒரு குற்றமா?

இரண்டு நாளாக எல்லார் போனிலும் சுற்றுகிற அந்த வீடியோவைப் பற்றித்தான். எந்த ஓட்டல், எடுத்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நாகர்கோவில் டவுனுக்குள்ளே, கீழே சாப்பாடு, மேலே பார் என்று நாம் எல்லோரும் போய்வருகிற இடம். "நெய்மீன் இல்ல அண்ணே, சாளையும் நெத்திலியும் உண்டு" என்று பரிமாறுகிறவர் சொன்னார். நெய்மீன் என்றால் வஞ்சிரம், சாளை என்றால் மத்தி. அதற்காக அவர் முகத்துக்கு நேரே போனை நீட்டி, "மெனுவுல இருக்குல்ல, பிறகு ஏன் இல்ல?" என்று அத்தனை சத்தம். பார்த்தவர்கள் வரிசையாகப் போய் ஒற்றை ஸ்டார் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. மீன் இல்லாத நாளில் "இல்லை" என்று சொல்கிற ஓட்டல்தான் நம்பிச் சாப்பிடக்கூடிய ஓட்டல்.

இது ஜூன் முதல் வாரம். கிழக்குக் கரையில் விசைப்படகுக்கான மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. சின்னமுட்டம் அந்தக் கணக்கில் வரும். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் எல்லாம் இந்தக் கணக்கு. அப்படியென்றால் ஜூன் 1 முதல் 14 வரை நம் மாவட்டத்தின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மூடிக் கிடக்கும். வள்ளமும் கட்டுமரமும் போகலாம்தான். ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கத் தொடங்கி, கடலுக்குப் போக வேண்டாம் என்று எச்சரிக்கை வந்தால் அவையும் கரையில்தான் கிடக்கும். கடல் கொஞ்சம் அடங்குகிற நாளில் கரையோரம் கிடைக்கிற சாளை, நெத்திலி, அயிலை (கானாங்கெளுத்தி)தான் சந்தைக்கு வரும். அதைத்தான் அந்த அண்ணன் உண்டு என்று சொன்னார்.

"காசு கொடுக்கிறோமே, எங்கிருந்தாவது வாங்கி வைக்கட்டும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். வாங்கி வைக்கலாம். பல நாள் பெட்டியில் கிடந்த ஐஸ் மீன் வரும். நம் வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் போட வேண்டும், உருக உருக மாற்ற வேண்டும். வழியில் அது குறைந்தால் நெய்மீன், சூரை, அயிலை மாதிரி மீன்களில் ஹிஸ்டமின் என்கிற ஒவ்வாமை உண்டாக்குகிற பொருள் உருவாகும். உருவான பிறகு கொதிக்க வைத்தாலும் போகாது, வறுத்தாலும் போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடம்பெல்லாம் தடிக்கும். 2018 ஜூனில் கேரள எல்லையில் அமரவிளை சோதனைச்சாவடியில், பிணம் கெடாமல் வைக்கிற பார்மலின் கலந்த மீன் பிடிபட்டபோது எவ்வளவு பயந்தோம்! "இல்லை" என்று சொல்கிறவரை அடித்து உட்கார வைத்தால், அடுத்த தடைக்காலத்தில் யாரும் "இல்லை" என்று சொல்லமாட்டார்கள். "உண்டு" என்பார்கள். நாமும் சாப்பிடுவோம்.

"மேலே பாரில் மட்டும் மீன் வறுவல் போகிறதே?" என்று பெரிதாகக் கண்டுபிடித்த மாதிரி ஒரு கேள்வி. பாரில் போனது கணவாயும் இறாலும். அவை பிரீசரில் இருந்து வந்தாலும் மசாலா பிரட்டி எண்ணெயில் போட்டால் நிற்கும். உறைந்த மீன் துண்டு இளகும்போது உள்ளே இருந்த நீர் வடிந்து சதை தளர்ந்துவிடும். வறுவலில் அது தெரியாது. குழம்பில் போட்டால் உதிர்ந்து சக்கையாகும்.

நம் ஊர்க் குழம்பு வேறு எதையும் மன்னிக்காது. தேங்காய், சின்ன உள்ளி, மல்லி, மிளகாய், மஞ்சளை வெண்ணெய் பதத்துக்கு அரைத்து, நெல்லிக்காய் அளவு புளியும் மாங்காய்த் துண்டும் சேர்த்து, அரைப்பு கொதித்த பிறகுதான் மீன். அதற்குப்பின் கரண்டி போடக்கூடாது, சட்டியைப் பிடித்துச் சுற்றிவிட வேண்டும். பத்து நிமிடம் போதும். திரும்பத் திரும்பச் சூடுபண்ணினால் தேங்காய் திரிந்து எண்ணெய் தனியே நிற்கும், சாயங்காலத்துக்குள் ஊசிவிடும். அதனால்தான் அளவாக வைத்து, மூன்று மணிக்குள் "தீர்ந்துபோச்சு" என்கிறார்கள். அதையும் அந்த வீடியோவில் குறையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

மெனு கார்டில் அச்சடித்துவிட்டு இல்லை என்பது சரியா என்றால், சரியில்லை. காலையில் வாசலில் ஒரு பலகையில் இன்றைய மீன் இன்னது என்று எழுதி வைக்கலாம். அது அரை நிமிட வேலை, ஓட்டல்காரர்கள் செய்யட்டும். அதற்காக இவ்வளவு அசிங்கப்படுத்த வேண்டுமா?

கடைசியில் "குடிகாரர்கள் வருகிற இடத்தில் குடும்பம் சாப்பிடலாமா" என்று வேறு. பாருக்குப் படி தனி, கதவு தனி. உரிமம் வாங்கி நடத்துகிற பார். கீழே கைக்குழந்தையோடு வந்து கட்டிச்சம்பாச் சோறும் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட்டுவிட்டுப் போகிற குடும்பங்களை இந்த வார்த்தை எப்படிக் குத்தும் என்று யோசித்தார்களா? இதை எழுதும்போதே எனக்குக் கை நடுங்குகிறது.

உண்மையில் எனக்கு வலிப்பது மீனும் இல்லை, ஓட்டலும் இல்லை. அந்த அண்ணன் ஒரு தடவைகூடக் குரல் உயர்த்தவில்லை. "அயிலை வருமான்னு கேட்டுச் சொல்லட்டுமா?" என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே நிற்கிறார். அனுமதி கேட்காமல் அவர் முகத்தை ஊர் முழுக்கக் காட்டியாகிவிட்டது. அவர் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டாமா?

பகிர்ந்தவர்கள் என் நட்புப் பட்டியலிலும் இருக்கிறீர்கள். ஓட்டலைத் திட்டுவது உங்கள் உரிமை, திட்டுங்கள். அவர் முகம் இருக்கிற அந்த வீடியோவை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.