சென்னையிலும் வசந்தம் உண்டு
சென்னைக்கு வெயிலும் மழையும்தான், வசந்தம் கிடையாது என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். சரி, ஏப்ரலில் ஒருநாள் காலையில் கதீட்ரல் ரோடு செம்மொழிப் பூங்காவுக்கு வந்து பாருங்கள். சரக்கொன்றை இலையெல்லாம் உதிர்த்துவிட்டு ஒன்றரை சாண் நீளத்துக்கு மஞ்சள் சரமாகத் தொங்கும், நுனியில் மட்டும் விரியாத மொட்டுகள், குட்டிச் சுண்டைக்காய் மாதிரி. வேம்பு பங்குனியிலேயே பூத்துவிடும், சித்திரை முதல் நாள் பச்சடிக்கு அதைத்தானே தேடுகிறோம்? எனக்குப் பயமெல்லாம் கோடை மழைதான். போன வருஷம் ஒரே ராத்திரி அடித்த மழையில் பாதிப் பூ தரையில் கிடந்தது, மனசே கேட்கவில்லை. 2016 வர்தா புயலில் எத்தனை மரம் போனது! அப்புறம் எங்கள் தெருவில் நட்ட கொன்றை இப்போதுதான் பூக்கிறது, தயவுசெய்து யாரும் கிளையை ஒடிக்காதீர்கள்.